ராட்டினக் கணக்கு

ஜனவரி 7, 2025, செவ்வாய்

இந்த வருடமாவது நாட்குறிப்பு எழுதிப் பழக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதும் பழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று நான்கு வருடமாக என் பையில் கிடக்கிறது. தேதி, எத்தனாவது வரிசை, வெயிலா மழையா, இவ்வளவுதான் அதில் இருக்கும். சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில், யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குள் இருக்கும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டரின் சிவப்புத் தடத்தில் நான் ஏறிய கணக்கு அது. இன்றோடு 471.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரண்டு தடங்கள். சிவப்பில் உட்கார்ந்து போகலாம். நீலத்தில் கால்கள் அந்தரத்தில் தொங்கும், ஐந்து முறை தலைகீழாகப் புரட்டி எடுக்கும். உயரம் 42.5 மீட்டர். நெதர்லாந்தின் வெக்கோமா கட்டியது. எல்லாரும் நீலத்தைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். சிவப்பு ஒரு தடவைகூடத் தலைகீழாகப் போகாது. ஆனால் மணிக்கு 90 கிலோமீட்டர். அதோடு, உச்சியைத் தாண்டும்போது இருக்கையை விட்டு உடம்பு எழும்பும் அந்த ஒரு நொடி. கடைசி வரிசையில் உட்கார்ந்தால்தான் அது முழுசாகக் கிடைக்கும். ரயிலின் முன்பாதி அதற்குள் கீழே பாய ஆரம்பித்திருக்கும், அந்தக் கனம் பின்னால் இருப்பவர்களை வெடுக்கென்று உச்சிக்கு மேல் இழுத்துப் போடும். முன்வரிசைக்குக் காட்சி, பின்வரிசைக்கு வயிறு என்று நான் சொல்வேன். வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

இன்று ஓய்வு நாள். காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, செங்காங்கில் ஊதா ரயில் ஏறினால் நேரே ஹார்பர்ஃபிரண்ட். அங்கிருந்து மரப்பலகை நடைபாதையில் நடந்தே போய்விடுவேன். பத்து வெள்ளிக்குச் சாப்பாடுகூட வாங்குவதில்லை, பையில் புளிச்சாதம். மூன்று சுற்று.

மார்ச் 18-ஆம் தேதி பூங்காவுக்குப் பதினைந்து வயது. 2010-இல் அன்றுதான் திறந்தார்கள். அன்றைக்கு 500 ஆக வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

ஜூரோங்கில் அம்மா வீட்டில் பொங்கல். அண்ணனும் அங்கேதான். பாயசம் ஊற்றும்போதே அம்மா கேட்டுவிட்டார், “இன்னும் ராட்டினம் ஆடப் போறியாடா?”

ராட்டினம் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேர்த்திருவிழாவில் நாலு பேர் கையால் சுற்றுவதா அது?

“இவனுக்கு ஹா பார் வில்லாவிலேயே பிடிச்சது கிறுக்கு,” என்று அம்மா என் மனைவியிடம் கதையை ஆரம்பித்தார். உண்மைதான். 1937-இல் கட்டிய பழைய தோட்டத்தை 1990-இல் சவாரியெல்லாம் வைத்துத் திறந்தார்கள். அடுத்த வருடம் அப்பா கூட்டிப்போனார், எனக்கு ஏழு வயது. நீளமான டிராகன் ஒன்று, அதன் உடம்புக்குள் படகில் போக வேண்டும். உள்ளே இருட்டில் சீன நரகத்தின் பத்து நீதிமன்றங்கள். வதந்தி பரப்பியவர்களின் நாக்கைப் பிடுங்குகிற பொம்மையைப் பார்த்து அண்ணன் அழுதான். நான் வெளியே வந்ததும் “இன்னொரு தடவை” என்றேனாம். அப்பா சரி என்றார். இறங்கியதும் மறுபடி “இன்னொரு தடவை”. மூன்றாவது முறைக்கு அப்பா வரவில்லை, கரையில் நின்று சிகரெட் பிடித்தார்.

ஜனவரி 23, வியாழன்

478.

எங்கள் குழுவில் ஏழு பேர். எல்லாரும் முப்பது தாண்டியவர்கள், ஒருத்தருக்கு ஐம்பத்தெட்டு. நாங்கள் பேசுவது வெளி ஆளுக்குப் புரியாது. புதிதாக ஒரு கோஸ்டரில் ஏறினால் அது ஒரு ‘கிரெடிட்’. அதே கோஸ்டரில் நூறு தடவை ஏறினாலும் கிரெடிட் ஒன்றுதான். என்னிடம் 31. ஒசாக்காவில் மூன்று நாளில் சேர்த்ததும் அதில் அடக்கம். அந்தப் பயணத்தில் மனைவி, ஒசாக்கா கோட்டையை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள்.

இன்று சாப்பாட்டு மேசையில் ஜெஃப் ரைட்ஸ் பற்றிப் பேச்சு வந்தது. கலிஃபோர்னியாக்காரர். 2012 ஜனவரி 1-ஆம் தேதி, வேலை இல்லாமல் இருந்த நேரத்தில், டிஸ்னிலாந்துக்குப் போனார். மறுநாளும் போனார். 2,995 நாள் ஒருநாள்கூட விடவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூங்காவையே மூடியதால்தான் அந்தச் சங்கிலி அறுந்தது. கின்னஸில் பெயர் வந்துவிட்டது. இடையில் வேலை கிடைத்தும், வேலை முடிந்து போய்வந்திருக்கிறார்.

“அதெல்லாம் அதிகம்,” என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினோம். ஒவ்வொருவர் பையிலும் ஆண்டு அட்டை.

எனக்கு ஆரம்பித்ததும் அதே கொரோனாவில்தான், ஆனால் எதிர்ப்பக்கம். சாங்கி விமான நிலையத்தில் எனக்குப் பயணப்பெட்டிகள் ஓடும் பட்டைகளைப் பராமரிக்கும் வேலை. 2020 மே மாதம் இரண்டாம் முனையத்தை மூடினார்கள். கிலோமீட்டர் கணக்கில் ஓடிக்கொண்டிருந்த பட்டைகள் அப்படியே நின்றன. அந்த அமைதி இருக்கிறதே, காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி. அப்போது உள்ளூர்ச் சுற்றுலாவுக்கென்று அரசாங்கம் ஆளுக்கு 100 வெள்ளிப் பற்றுச்சீட்டு கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு போனேன். வெளிநாட்டுப் பயணி ஒருத்தர் இல்லை, வரிசையும் இல்லை. இறங்கி, சுற்றி வந்து, மறுபடி ஏறி, ஒரே பகலில் பதினொரு தடவை. தடத்தில் சக்கரம் ஓடும் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

மச்சான் பால்குடம் எடுத்தார். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை கூடவே நடந்தோம். மகள் பாதி வழி என் தோளில்.

சிங்கப்பூரில் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை கிடையாது. எனக்கு மட்டும் விடுப்பு, ஊருக்கெல்லாம் வேலை நாள். அதனால் கலாக்டிகாவில் காத்திருக்கும் நேரம் ஐந்து நிமிடம் என்று கைப்பேசி காட்டியது. காவடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அதைப் பார்த்தேன். கால் மணி கழித்து மறுபடி பார்த்தேன், அப்போதும் ஐந்து நிமிடம். கோயில் வாசலில் மனைவி திரும்பி, “யார் மெசேஜ்?” என்றாள். “வேலை,” என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கார்ட்டூன் படத்தில் வரும் மஞ்சள் மினியன்களுக்காகப் புதிய பகுதி இன்று திறந்தது. முன்பு அங்கே ‘மடகாஸ்கர்’ கார்ட்டூன் படத்தின் பகுதி இருந்தது, 2022 மார்ச்சில் மூடினார்கள். மரப்பெட்டியில் மிதந்துபோகிற மாதிரி ஒரு படகுச் சவாரி, குளிரூட்டிய இருட்டு, கூட்டமே இருக்காது, அரைத் தூக்கம் போடலாம். மூடுவதற்கு முந்தைய வாரம் நாங்கள் ஏழு பேரும் போய், இழவு வீட்டில் உட்காருவது போல அந்தப் படகில் உட்கார்ந்து வந்தோம்.

இன்று எங்கும் மஞ்சள். மகளுக்கு இங்குள்ள ராட்டினம் பிடிக்கும். (இது நிஜமாகவே ராட்டினம்தான்.) சிவப்பில் ஒரு சுற்று மட்டும். 487.

மார்ச் 6, வியாழன்

ஷிஃப்ட் பட்டியல் வந்துவிட்டது. 18-ஆம் தேதி எனக்கு மதிய ஷிஃப்ட். பள்ளி விடுமுறை வாரம் வேறு, விடுப்புக் கேட்டால் கிடைக்காது. மாற்றிக்கொள்ள ஒருவரைத்தான் கேட்க முடியும், பாக் சிக்கை. மலாயில் பெரியவர்களைக் கூப்பிடும் சொல் அது. அறுபத்திரண்டு வயது. என்ன கேட்டாலும் “போலே” என்பார், சரி என்று அர்த்தம். ஓய்வு கிடைத்தால் பெடோக் படகுத்துறையில் மீன் பிடிக்கப் போய்விடுவார். அதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருப்பதாகத் தெரியவில்லை.

ரமலான் தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. மதிய ஷிஃப்ட் என்றால் அவர் நோன்பு திறப்பது பட்டைக்குப் பக்கத்தில்தான். இதையெல்லாம் யோசித்துக்கொண்டேதான் அவரிடம் போய் நின்றேன்.

“என்ன விஷயம்?” என்றார்.

கோஸ்டரில் ஐந்நூறாவது தடவை ஏற வேண்டும் என்று நாற்பது வயது ஆள் சொல்ல முடியுமா? “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப்போகணும்.”

“போலே, போலே.”

மார்ச் 17, திங்கள்

இன்று எனக்குக் காலை ஷிஃப்ட். முடிந்து கிளம்பும்போது பாக் சிக் உள்ளே வந்தார், கையில் ஒரு தூக்குப்பாத்திரம். ரமலானில் பள்ளிவாசல்களில் ‘புபூர்’ என்று கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் கொடுப்பார்கள். வேலைக்கு வருகிற வழியில் இறங்கி, வரிசையில் நின்று வாங்கி வந்திருக்கிறார்.

“உங்க அம்மாவுக்கு. வயித்துக்கு இதமா இருக்கும். இஞ்சி போட்டிருக்கு.”

ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சூடு கால்சட்டையைத் தாண்டி இறங்கியது. ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது, அபராதம். செங்காங்கில் இறங்கி, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்க மேசையில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து நானே குடித்தேன். கொட்டினால் பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல ருசி. அதுதான் இன்னும் மோசம்.

மார்ச் 18, செவ்வாய்

500.

பள்ளி விடுமுறைக் கூட்டம். தனியாக வருபவர்களுக்கான வரிசையில் புகுந்துதான் ஏற முடிந்தது. குடும்பமாக வருபவர்கள் உட்கார்ந்தது போக மீதியுள்ள ஒற்றை இருக்கைகளில் நம்மைச் செருகுவார்கள். நான்கு வருடத்தில் எத்தனை பேர் முழங்கை என் முழங்கையில் இடித்திருக்கும், ஒரு முகம்கூட நினைவில்லை. மூன்று மணிக்கு இடி மின்னல், சவாரியை நிறுத்திவிட்டார்கள். கூரைக்கடியில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். மழை விட்டதும் 498, 499.

ஐந்நூறுக்குப் பின்வரிசை வேண்டும் என்று காத்திருந்தேன், கிடைக்கவில்லை. நடு வரிசை. பக்கத்தில் ஒரு பையன், பதினைந்து வயது இருக்கும். ரயில் கிளம்புவதற்குள் அவனிடம் “இது எனக்கு ஐந்நூறாவது தடவை” என்றேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு தன் நண்பன் எங்கே என்று பார்த்தான். அதற்குள் கிளம்பிவிட்டது. உச்சியில் நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு விஷயத்தைத்தான்: மணி ஏழு ஆகப்போகிறது, அவர் பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்திருப்பார்.

குழுவில் படம் போட்டேன். கைதட்டல் குறிகள் வந்தன. ஐம்பத்தெட்டு வயதுக்காரர் மட்டும், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டிருந்தார்.

மார்ச் 19, புதன்

காலையில் இடப்பக்கம் புரண்டேன். அறை சுற்றியது. சுற்றியது என்றால், மின்விசிறி, அலமாரி, மனைவி எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாகச் சுழன்றது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன், மூடினாலும் நிற்கவில்லை. வாந்தி. அரை நிமிடத்தில் அடங்கியது. மறுபடி புரண்டேன், மறுபடி சுற்றியது.

மார்ச் 20, வியாழன்

பலதுறை மருந்தகம். டாக்டர் சின்னப் பெண். என்னை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று படுக்கவைத்துக் கண்களைப் பார்த்தார். உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்குமாம், மிகச் சின்னவை. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலை நின்ற பிறகும் உடம்பு சுற்றுவதாகவே மூளைக்குச் செய்தி போகுமாம். பெரும்பாலும் இன்ன காரணம் என்று சொல்ல முடியாதாம், தலையில் அடிபட்டாலும் வருமாம்.

“தலை ரொம்பக் குலுங்கற மாதிரி ஏதாவது செஞ்சீங்களா?”

“ரோலர் கோஸ்டர்ல போனேன்.”

“எத்தனை தடவை?”

“ரெண்டு மூணு தடவை இருக்கும்.”

யோசிக்காமல் வந்தது. நோட்டு பையில்தான் இருக்கிறது, காலடியில். டாக்டர் அதைக் கணினியில் ஏற்றிக்கொண்டார். பிறகு தலையை இப்படியும் அப்படியுமாகத் திருப்பி, உருட்டி, உட்காரவைத்தார். துகள்களைத் திரும்ப அவற்றின் இடத்துக்கு உருட்டிவிடுகிற வித்தை அது. ஐந்து நிமிட வேலை. பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இப்போதைக்குக் கோஸ்டர் வேண்டாம் என்றார்.

ரயிலில் வரும்போது கணக்குப் போட்டேன். டாக்டருக்கு மூன்று. மனைவிக்கு, வாரம் ஒரு தடவை. குழுவில் இரண்டு மாதம் முன்பே ‘ஐந்நூறு தாண்டியாச்சு’ என்று அளந்திருக்கிறேன். பாக் சிக்குக்கு, பூஜ்யம். சரியான எண் தெரிந்தது நோட்டுக்கு மட்டும். அப்பாவும் சிகரெட்டுக்கு இப்படித்தான் கணக்குச் சொல்வார், அம்மாவுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று.

471 ஆனபோது அதிகமாகத் தெரியவில்லை. 500-உம் அதிகமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று அதிகம்.

மார்ச் 23, ஞாயிறு

எனக்குத் தலைசுற்றல் என்று கேள்விப்பட்டு, ஜூரோங்கிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி அம்மா வந்துவிட்டார். ஒரு கையில் மிளகு ரசம், இன்னொரு கையில் எலுமிச்சம்பழம். மருத்துவமனையில் இருக்க வேண்டிய ஆள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்த அம்மா, பன்னிரண்டு மாடிக்கு மின்தூக்கி வரத் தாமதம் என்று திட்டிக்கொண்டே நுழைகிறார்.

ரசத்தை ஊற்ற அடுப்படிக்குப் போனவர், கழுவிக் கவிழ்த்திருந்த தூக்குப்பாத்திரத்தைப் பார்த்துவிட்டார். பிள்ளைகள் வீட்டில் எந்தப் பாத்திரம் யாருடையது என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். “இது யாரோடது?”

வேறு பொய் ஒன்றும் தயாராக இல்லை. சொல்லிவிட்டேன், மனைவியும் நிற்கும்போதே.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “என்னைப் படுக்கையில போட்டுட்டு நீ ராட்டினம் ஆடப் போனியா?” என்றார். இந்த முறை அந்தச் சொல் எனக்குக் கோபம் வரவைக்கவில்லை. “நோன்பு இருக்கற மனுசன்டா,” என்றார் அடுத்து. அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மனைவி நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். படுக்கையில் சாய்ந்துகொண்டு, வாராந்தரக் கதைப் பத்திரிகை படிப்பது போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“போன வருஷம் ஆகஸ்ட் 20. மழை, ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன், கடைசி வரிசை, ரெண்டு சுத்து.”

“ம்.”

“அன்னிக்குத்தான் ஃபிரிட்ஜ் வந்துச்சு. உங்களுக்கு ஓவர்டைம்னீங்க. கதவுல நுழையலன்னு நானும் எதிர்வீட்டு அக்காவும் பழசத் தள்ளிட்டு நின்னோம்.”

நோட்டை மூடி என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிடுங்கி வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. இனிமேல் அந்த நோட்டுத் தாளை மாதக் கடைசியில் அவளிடம் காட்டுவதாக ஏற்பாடு. அவளாகக் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். “சம்பளச் சீட்டு மாதிரியா?” என்றாள். பாதி சிரிப்பு.

மார்ச் 31, திங்கள், நோன்புப் பெருநாள்

பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. அம்மா நேற்றே ஆரம்பித்துவிட்டார். “அவங்க சாப்பிடுவாங்களா? புது எண்ணெய்ல சுட்டேன்னு சொல்லு. வெறும் அரிசிமாவு, உளுந்து, எள்ளுன்னு சொல்லு.” பாத்திரம் நிறைய முறுக்கு.

பாக் சிக் வீடு தெம்பனிஸில். வாசலில் நூறு செருப்பு. உள்ளே ரெண்டாங் கறி வாசனை, பேரப்பிள்ளைகள், பெருநாள் காசு போட்ட பச்சை உறைகள். ஓரமாகக் கூட்டிப்போய்ப் பாத்திரத்தைக் கொடுத்தேன்.

“உங்க அம்மா எப்படி இருக்காங்க?”

சொன்னேன். முழுவதும், எண்ணோடு.

அவர் மூடியைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்து ஒடித்தார். மென்றார். “உங்க அம்மா நல்லா இருக்காங்க. அல்ஹம்துலில்லாஹ்.” பிறகு, “சாப்பிட்டுப் போ,” என்று சொல்லிவிட்டு, வேறு விருந்தாளிகளைப் பார்க்கப் போனார். திரும்பி வரவில்லை. லோந்தோங் சோற்றுக்கட்டி தொண்டையில் இறங்கவில்லை, ஆனாலும் தட்டைக் காலி செய்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

தலைசுற்றல் இல்லை. பூங்காவுக்கும் போகவில்லை. இருபத்திமூன்று நாள். ஆண்டு அட்டை இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்தது. அழிக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை.

25-ஆம் தேதி ஒரு ஷிஃப்டை மாற்ற வேண்டியிருந்தது. மகள் பள்ளிக்கூட விஷயம், உண்மையாகவே. பாக் சிக்கைக் கேட்டேன். “பார்க்கலாம்,” என்றார். நான்கு வருடத்தில் முதல் முறையாக “போலே” வரவில்லை.

ஏப்ரல் 19, சனி

மனைவியும் மகளும் கூட வந்தார்கள். அட்டை முடிவதற்குள் ஒரு தடவை. மனைவி கலாக்டிகாவில் என்னோடு ஏறுவதாகச் சொன்னாள், நான்கு வருடத்தில் அவள் ஏறியதே இல்லை. நான் ஏறவில்லை, டாக்டர் சொன்ன ‘இப்போதைக்கு’ எவ்வளவு நாள் என்று கேட்காமல் வந்துவிட்டேன். அவள் தனியாக, ஒற்றை ஆள் வரிசையில் போனாள். நானும் மகளும் கீழே நின்றோம். சிவப்பு ரயில் தலைக்கு மேல் அறைந்துகொண்டு போனது. எந்த இருக்கையில் இருந்தாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இறங்கி வந்தவளுக்கு முடியெல்லாம் கலைந்திருந்தது. “நல்லாதான் இருக்கு,” என்றாள். “ஆனா ஐந்நூறு தடவையா?”

இரவு நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தேன். இன்று எந்தக் கணக்கில் எழுதுவது? தேதி மட்டும் போட்டு, பக்கத்தில் அவள் பெயரை எழுதி 1 என்று போட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மதியம் கைமாற்றும் நேரத்தில் பாக் சிக் என்னைத் தேடி வந்தார். மே 1-ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, அவருக்கு ஷிஃப்ட். மாற்றிக்கொள்ள முடியுமா என்றார். அவர் என்னிடம் கேட்டது இதுவே முதல் தடவை.

“என்ன விஷயம், பாக் சிக்?”

முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.”

அவர் அம்மா இறந்து இருபது வருடம் ஆகிறது. தோளில் தொங்கிய பையிலிருந்து மீன் பிடிக்கும் கம்பின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“போலே,” என்றேன். “போலே, போலே.”